இரண்டாவது முறை கத்தி வைக்கும் முன்



போன வாரம் போட்ட டச்சுக் கல்லறைப் படங்களுக்கு நிறைய பேர் கமெண்ட் எழுதியிருந்தீர்கள். நன்றி. இன்று வேறு விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லை என்றால் சேமித்து வைத்து இரவில் படியுங்கள்.

என் தங்கை மகளைப் பற்றி எழுதப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் பழவேற்காட்டில் இருப்பவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். அதனால் எழுதி முடித்ததும் அவளுக்கே முழுவதையும் படித்துக் காட்டினேன். "போடுங்க பெரியம்மா. எப்படியும் பின்னாடி பேசத்தான் பேசுறாங்க. விஷயத்தைச் சரியா தெரிஞ்சிக்கிட்டாவது பேசட்டும்" என்றாள்.

2018 டிசம்பரில் அவளுக்கு எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது வயது 27, எடை 118 கிலோ, உயரம் 157 சென்டிமீட்டர். சர்க்கரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூட்டு வலி. மாதவிலக்கு ஒழுங்காக வராது. இதெல்லாம் டாக்டரிடம் சொன்ன காரணங்கள். வீட்டில் பேசிய காரணம் ஒன்றே ஒன்று: கல்யாணம். மூன்று இடத்தில் பெண் பார்த்துவிட்டு, போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள் சொல்லவே இல்லை. அவள் அப்பா ஃபைபர் போட்டில் தனக்கிருந்த பங்கை விற்றார். மீதிப் பணத்துக்கு என் தங்கை நகையை அடகு வைத்தாள்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 'ஸ்லீவ்' என்ற அறுவை செய்தார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒல்லியான குழாயாகத் தைத்துவிடுவார்கள். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. 14 மாதத்தில் 78 கிலோவுக்கு வந்தாள். 2020 பிப்ரவரியில் கல்யாணமும் முடிந்தது. அடுத்த மாதம் ஊரடங்கு. மருத்துவமனைக்குப் போய்க் காட்டுவது நின்றது. அவர்களும் கூப்பிடவில்லை. 2022இல் குழந்தை பிறந்தது. இப்போது அவள் எடை 101 கிலோ.

இந்த இடத்தில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பொன்னேரியில் நடந்த ஒரு உறவினர் கல்யாணத்தில் அவள் இலையில் இரண்டாவது முறை இனிப்பு வைத்தார்கள். பக்கத்தில் இருந்த நான் எல்லோரும் கேட்கும்படி, "வயித்தையே வெட்டி எடுத்தும் நாக்கு அடங்கலையே உனக்கு" என்றேன். பந்தியில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவள் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. 31 வருடம் வகுப்பில் ஜீரண மண்டலம் நடத்தியவள் நான். இரைப்பையின் படம் போட்டு, பாகங்களைக் குறிக்கச் சொல்லி உங்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டவள். அந்த இரைப்பைக்காரி மனுஷி என்பதை மறந்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் தங்கை அழுதுகொண்டே வந்தாள். மருத்துவமனையிலிருந்து போன் வந்ததாம். 'ரிவிஷன்' என்று இன்னொரு ஆபரேஷன் செய்தால் எடை மறுபடி இறங்கும், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் சலுகை என்றார்களாம். அவளை யாரும் பரிசோதிக்கவில்லை. ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. போனிலேயே ஆபரேஷன் முடிவாகிவிட்டது. தங்கை மிச்சம் இருக்கும் நகையை விற்கத் தயாராக இருந்தாள்.

"வேண்டவே வேண்டாம்" என்றுதான் முதலில் சொன்னேன். 2024 ஏப்ரலில் எடை குறைப்பு அறுவைக்காகச் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன 26 வயது புதுச்சேரி இளைஞர் இறந்துபோன செய்தி என் மனதில் இருந்தது. அரசு விசாரணைகூட நடந்தது. அது முதல் அறுவை. இரண்டாவது என்றால் இன்னும் ஆபத்து என்று பயந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பார்க்காமலே 'செய்' என்று சொன்ன அந்தப் போன்காரருக்கும், பார்க்காமலே 'செய்யாதே' என்று சொன்ன எனக்கும் என்ன வித்தியாசம்? அதனால் ஓய்வுபெற்ற டீச்சர் மறுபடி பாடம் படித்தேன். இரண்டு டாக்டர்களைப் போய்ப் பார்த்தோம். அவர்கள் சொன்னதிலும் நான் படித்ததிலும் புரிந்ததை எழுதுகிறேன்.

எடை திரும்பியது எல்லாமே வாயைக் கட்டாததால் இல்லை. எடை இறங்க இறங்க நம் உடம்பு அதைப் பஞ்சம் என்று நினைத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டும், சக்திச் செலவைக் குறைக்கும், பழைய எடைக்கே இழுக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியை எடுத்துவிடுவதால்தான் ஆரம்பத்தில் பசியே தெரிவதில்லை. நாளாவட்டத்தில் உடம்பு வேறு வழி கண்டுபிடித்துவிடுகிறது.

ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் என்ற வகை அறுவை செய்தவர்களுக்கு முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது கொஞ்சம் திரும்ப ஏறுவது இயல்பு. அப்படி ஏறியும், அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைவாகவே இருந்தது. ஆகவே ஐந்து கிலோ ஏறியதுமே 'ஆபரேஷன் தோற்றுப்போச்சு' என்று யாரும் அலற வேண்டாம்.

எங்கள் பெண்ணுக்கு ஏறியது அந்த அளவு இல்லை என்பதும் உண்மை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஎம்ஐ 25 என்று வைத்தால் அவள் உயரத்துக்கு 62 கிலோ. 118இல் கூடுதலாக இருந்தது 56 கிலோ. அதில் 40 இறங்கியது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இப்போது மிஞ்சி நிற்பது 17 கிலோ இறக்கம்தான். கூடுதல் எடையில் பாதிகூட இறங்காவிட்டால் அதைப் போதாத பலன் என்று டாக்டர்கள் பல காலமாகக் கணக்கிட்டு வருகிறார்கள். இப்போதைய பிஎம்ஐ 41. இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் மறுபடி வெட்டிவிடலாமா? இங்கேதான் நம் ஊர் முகத்துவாரம் எனக்கு ஞாபகம் வருகிறது. கடலுக்குப் போகும் வழி மணலால் மூடும். போட்டு தரை தட்டும். ஆட்களும் ஜேசிபியும் வைத்துத் தோண்டுவோம். தண்ணீர் ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் மறுபடி மணல் வந்து உட்காரும். மணல் எங்கிருந்து, எந்த நீரோட்டத்தில் வருகிறது என்று பார்த்து அதற்கு வழி செய்யாமல், தோண்டியதையே தோண்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று லைட்ஹவுஸ் குப்பத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உடம்புக்கும் அதே கேள்விதான். முதலில் 'ஏன் மூடியது?' அப்புறம்தான் 'தோண்டலாமா?'

காரணங்கள் பல. முதல் அறுவையில் இரைப்பையின் மேல்பகுதி கூடுதலாக விடப்பட்டிருக்கலாம். தைத்த குழாய் நாளடைவில் விரிந்திருக்கலாம். தைராய்டு குறைவாக இருக்கலாம். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். பிரசவம், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் சேரும். சாப்பாட்டு முறையும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டாம். சின்ன இரைப்பையில் ஒரு தட்டுச் சோறு போகாது. ஆனால் சர்க்கரை போட்ட டீ, கலர், ஐஸ்கிரீம், டீயில் நனைத்த பிஸ்கட் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்ததே தெரியாது.

இதில் எது என்று கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது. எண்டோஸ்கோபி செய்து உள்ளே பார்க்கலாம். பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்து இரைப்பையின் வடிவத்தைப் பார்க்கலாம். ரத்தத்தில் இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, தைராய்டு பார்க்கலாம். உணவு ஆலோசகரிடமும் மனநல ஆலோசகரிடமும் உட்கார்ந்து பேசலாம். முதல் அறுவையின் குறிப்புகளும் வேண்டும். எங்கள் பெண்ணின் பேப்பர்கள் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறிப்போய்விட்டன. மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து நகல் வாங்க மூன்று வாரம் ஆனது. நீங்களெல்லாம் உங்கள் பேப்பர்களை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

பரிசோதனையில் என்ன தெரிந்தது? இரண்டு விஷயம்.

முதலாவது, இரைப்பையின் மேல் முனை உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது. அமிலம் மேலே வந்து உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு இந்த அமிலத் தொல்லை வருவது அபூர்வம் இல்லை. ஒல்லியான குழாய்க்குள் அழுத்தம் கூடுவதும் ஒரு காரணம். இரவு இரண்டு மணிக்கு இருமி எழுந்து, மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் பெண். வருடக்கணக்கில் அப்படி இருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. "சொன்னா அதிகமா தின்னதாலதான்னு சொல்லுவீங்க" என்றாள். நான் என்ன பதில் சொல்வது? நெஞ்செரியும்போது பாலோ டீயோ குடித்தால் கொஞ்சம் இதமாக இருந்ததாம். ஒரு நாளைக்கு ஏழெட்டு டம்ளர் போயிருக்கிறது, சர்க்கரையோடு. நாம் நாக்கு ருசி என்று நினைத்தது வலிக்கு அவள் கண்டுபிடித்த மருந்து.

இரண்டாவது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.9. பி12 குறைவு. முதல் அறுவைக்குப் பிறகு ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எடை இறங்கியதும் அவள் நிறுத்திவிட்டாள். கனமான உடம்புக்குள்ளும் சத்துக்குறைவு இருக்கும். எங்கள் பெண்ணிடமே அதைப் பார்த்தேன்.

இப்போது டாக்டர் சொல்லும் வழி இது. முதலில் மூன்று மாதம் ரத்தத்தை ஏற்றுவது, அமிலத்துக்கு மாத்திரை, இனிப்பில்லாத டீ, தினமும் புரதம். அதற்கு நமக்கென்ன பஞ்சம்? குழம்பில் போட்ட மீனும் அவித்த முட்டையும் போதும். அதற்குப் பிறகு மறுபடி பார்த்துவிட்டு, தேவையானால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது. அந்த வகைப் பைபாஸில் இரைப்பையின் மேலே ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து நேராகச் சிறுகுடலில் இணைத்துவிடுவார்கள். அமிலம் மேலே ஏறுவது பெரும்பாலும் குறைந்துவிடும். எடையும் கொஞ்சம் குறையலாம். ஆனால் டாக்டர் தெளிவாகவே சொன்னார்: "முதல் தடவை மாதிரி 40 கிலோ இறங்கும்னு எதிர்பார்க்காதம்மா. இது உன் உணவுக்குழாய்க்காக." உள்ளே திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்பதால் இரண்டாவது அறுவையில் கசிவும் ரத்தப்போக்கும் முதல் முறையைவிடக் கூடுதலாக வர வாய்ப்புண்டு என்பதையும் மறைக்கவில்லை.

'வேண்டவே வேண்டாம்' என்ற என் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன். அவளுக்கு அறுவை தேவைப்படலாம். ஆனால் காரணம் வேறு, நேரம் வேறு, எதிர்பார்ப்பு வேறு. போனில் சலுகை சொல்லி விற்றதும் டாக்டர் சொன்னதும் பெயரில்தான் ஒன்று.

நேர் எதிரான இன்னொரு கதையும் சொல்கிறேன். சென்னையில் இரவு ஷிப்ட் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன். அவனுக்கும் ஸ்லீவ், அவனுக்கும் 20 கிலோ திரும்பியது. பரிசோதனையில் இரைப்பை நன்றாகவே இருந்தது. தூக்கம் இல்லை, விடியற்காலையில் பரோட்டா, அப்பா இறந்த துக்கம். அவனுக்கு மறுபடி அறுவை தேவையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஷிப்ட் மாற்றிக்கொண்டு, ஆலோசனைக்குப் போய், ஊசி மருந்தும் போடுகிறான். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி என்று எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. எடை திரும்பியவர்களுக்கும் இவை உதவுகின்றன. ஆனால் நிறுத்தினால் எடை ஏறும், வாந்தி, மலச்சிக்கல் வரும், மாதா மாதம் செலவு. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு மரடோனாவைத் தெரியும். அவர் 2005இல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டார். எடை சரசரவென்று இறங்கியது. பிறகு திரும்பியது. 2015இல் வெனிசுவேலாவில் மறுபடி அறுவை. பணமும் புகழும் டாக்டர்களும் சுற்றி இருந்த மனிதருக்கே ஒரு முறை போதவில்லை. அவரைப் பார்த்து யாரும் 'நாக்கு அடங்கலையே' என்று பந்தியில் சிரித்திருப்பார்களா? நம் வீட்டுப் பெண் என்றால் மட்டும் சிரிக்கிறோம்.

இந்த நிலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு டீச்சராகச் சில வார்த்தைகள்.

ஒன்று, காரணம் தெரியாமல் இரண்டாவது அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்யாணத்துக்கோ, அடுத்தவர் பேச்சுக்கோ, சலுகைத் தேதிக்கோ கத்தி வைக்காதீர்கள்.

இரண்டு, டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த மாதிரி இரண்டாவது அறுவை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? கசிவு வந்தால் என்ன செய்வீர்கள்? ஐசியூ இங்கேயே இருக்கிறதா? எனக்கு என்ன பலன் எதிர்பார்க்கலாம்? கேட்டால் கோபப்படுகிறவரிடம் செய்துகொள்ள வேண்டாம்.

மூன்று, இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள். நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையில் இரைப்பை, குடல் அறுவைக்குத் தனித் துறையே இருக்கிறது. கூட்டமாக இருக்கும், காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் என்ன?

நான்கு, காப்பீடு உள்ளவர்கள் இரண்டாவது அறுவைக்குப் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுவாக பிஎம்ஐ 40, அல்லது கடுமையான உடல்நலக் கோளாறோடு 35 என்று விதி வைத்திருக்கிறார்கள்.

ஐந்து, அறுவை செய்தவர்கள் வாந்தி நிற்காவிட்டால் வீட்டில் இருக்காதீர்கள். வைட்டமின் பி1 தீர்ந்துபோனால் நரம்பும் மூளையும் பாதிக்கும்.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். பத்துப் பேரில் நான்கு பேர். இது யாரோ ஒருத்தியின் நாக்குப் பிரச்சினை இல்லை. அடுத்த கல்யாணத்தில் அவளைப் பார்த்தால் "எத்தனை கிலோ?" என்று கேட்காதீர்கள். "ராத்திரி தூங்கினியா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை ஆறு வருடத்துக்கு முன்பே நான் கேட்டிருந்தால் அவள் உணவுக்குழாய் இந்த அளவு புண்ணாகியிருக்காது.

தங்கையின் நகை விற்கப்படவில்லை. முன்பணமும் கட்டவில்லை. இன்றைக்கு 40ஆவது நாள். ஹீமோகுளோபின் 10.2 ஆகியிருக்கிறது. டீ இரண்டு டம்ளர், சர்க்கரை இல்லாமல். எடை ஒன்றரைக் கிலோதான் இறங்கியிருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அறுவை வேண்டுமா என்று மூன்று மாதம் முடிந்ததும் அவளே முடிவு செய்வாள். செய்துகொண்டாலும் நான் கூட இருப்பேன், வேண்டாம் என்றாலும் கூட இருப்பேன்.

நேற்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு துண்டு மீன், ஒரு கரண்டிச் சோறு, மெதுவாகச் சாப்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. போகும்போது, "பெரியம்மா, உங்க நாக்கு அடங்கிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அனுபவம் உள்ளவர்கள் கமெண்டில் எழுதுங்கள். வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்
பழவேற்காடு